வெள்ளை ஏப்ரன் கட்டிய முதல் வருடம்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பின் கிளையான லாட்ஜில் சேர்ந்த முதல் மாதம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். கை நிறைய வாழ்த்து, வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்துப் படங்கள், புரிந்தும் புரியாமலும் காதில் விழுந்த ஆங்கில வாசகங்கள், கூட்டத்தில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் மடிப்பு கலையாத வெள்ளை ஏப்ரன். மூன்றாவது மாதம் சம்மன்ஸ் என்ற கூட்ட அழைப்பு வரும்போது அதே தேதியில் ஒரு கல்யாணம் இருக்கும். ஐந்தாவது மாதம் மழை. வருடம் முடிவதற்குள் ‘இவர் வருவதே இல்லையே’ என்ற பட்டியலில் பெயர் ஏறிவிடும்.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகை, திருச்சி பக்கம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கும் மூத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சடங்கில் என்ன நடக்கிறது, அடையாளங்கள் என்ன என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைத் தேடி வந்தவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

முதலில், எங்கே சேர்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லண்டனில் 1717-ல் லாட்ஜ்களுக்குத் தலைமை அமைப்பான முதல் கிராண்ட் லாட்ஜ் அமைந்தது. இந்தியாவுக்கு ஃப்ரீமேசன் அமைப்பு 1730-ல் கல்கத்தா கோட்டை வழியாகவும், 1752-ல் சென்னைக்கும் வந்தது. இதையெல்லாம் மூத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இந்த அமைப்பில் சேர்ந்த முதல் இந்தியர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் ஆற்காடு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா, 1770களில் சேர்ந்தது நம் திருச்சியில்தான். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அவருக்கு அலங்கரித்த ஏப்ரன் ஒன்றை அனுப்பிவைத்தது. காவிரிக் கரைக்கும் இந்த ஏப்ரனுக்கும் இரண்டரை நூற்றாண்டுப் பழக்கம் என்று தெரிந்தால், ‘இது யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன விஷயம்’ என்ற கூச்சம் கொஞ்சம் குறையும்.

இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24-ல் டெல்லியில் அமைந்தது. ராம்பூர் நவாப் சையத் ரசா அலி கான் முதல் கிராண்ட் மாஸ்டர். தென்னிந்தியப் பிராந்தியத்துக்குச் சென்னை தலைமையிடம். ஆனால் இன்றும் சில லாட்ஜ்கள் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து சாசனங்களின் கீழேயே இயங்குகின்றன. உங்கள் லாட்ஜ் எந்தச் சாசனத்தில், எந்த வருடம் தொடங்கியது என்று செகரட்டரியிடம் கேளுங்கள். பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பார்க்க விடுவாரா என்றும் கேளுங்கள். பெரும்பாலான செகரட்டரிகள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்தான்.

இன்னும் சேரவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பவர்களுக்குச் சுருக்கமாக: வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஆண்கள் மட்டும். இறை நம்பிக்கை கட்டாயம். இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும், அப்புறம் ரகசிய வாக்கெடுப்பு. தொழிலுக்கு ஆள் பிடிக்கலாம், அதிகாரிகளைத் தெரிந்துகொள்ளலாம் என்ற கணக்கோடு வருகிறவர்கள் ஆறு மாதத்தில் ஏமாந்து போவார்கள். அதற்கு வேறு சங்கங்கள் இருக்கின்றன.

அடுத்து, 24 அங்குல அளவுகோல்

முதல் பட்டத்தில், அதாவது சேரும்போது கிடைக்கும் முதல் படிநிலையில், உங்கள் கையில் வைக்கப்படும் கருவிகளில் ஒன்று 24 அங்குல அளவுகோல். அதன் பொருள் எங்கும் அச்சாகியிருக்கிறது, ரகசியம் எதுவும் இல்லை. ஒரு நாளின் 24 மணி நேரத்தை அது குறிக்கிறது. ஒரு பங்கு பிரார்த்தனைக்கு, ஒரு பங்கு உழைப்புக்கும் ஓய்வுக்கும், ஒரு பங்கு கஷ்டத்தில் இருக்கும் நண்பருக்கோ சகோதரருக்கோ உதவுவதற்கு. கடைசிப் பங்கோடு ஒரு நிபந்தனையும் ஒட்டியிருக்கிறது: தனக்கும் தன்னைச் சார்ந்தவர்களுக்கும் பாதகம் இல்லாமல்.

அந்த நிபந்தனையைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. முதல் மூன்று மாதம் எல்லாக் கூட்டத்துக்கும், பக்கத்து ஊர் லாட்ஜ்களுக்கும் ஓடிவிட்டு, வீட்டில் பேச்சு வாங்கி, நான்காவது மாதம் அப்படியே நின்றுவிடுகிறார்கள். கடையை மூடிவிட்டு, பிள்ளையின் பரீட்சையை விட்டுவிட்டு வா என்று லாட்ஜ் எவரையும் கேட்பதில்லை. மாதம் ஒரு மாலை லாட்ஜுக்கு, இன்னொரு அரை நாள் யாராவது ஒருவருக்கு. இவ்வளவுதான். இதை வருடம் முழுக்கச் செய்யுங்கள்.

சம்மன்ஸ் கையில் கிடைத்தவுடன் வீட்டு நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். டெல்டாவில் தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாள் இடிக்காமல் இருக்காது. கூட்டத் தேதி லாட்ஜின் துணைவிதிகளில் நிலையாக இருக்கும், நினைத்தபடி மாற்ற முடியாது. ஆனால் கல்யாணத்துக்குக் காலையில் போய் மொய் எழுதிவிட்டு, மாலையில் லாட்ஜுக்கு வரலாம். மூத்தவர்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

நம்பிக்கையைப் பற்றி

லாட்ஜுக்குள் மத வாதமும் கட்சி அரசியலும் பேசக் கூடாது. இதைக் கேட்டவுடன் சிலர் சாமியையே வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கூட்டம் பிரார்த்தனையோடுதான் தொடங்கும், பிரார்த்தனையோடுதான் முடியும். புனித நூல் திறந்து இல்லாமல் லாட்ஜே திறக்காது. இந்திய லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், பைபிள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது சகஜம். நீங்கள் உறுதிமொழி எடுப்பது உங்கள் சொந்த வேதத்தின் மேல். சேர்ந்த அன்று உங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையிலேயே, அந்த நூலை ஊன்றிப் படியுங்கள் என்பதும் ஒன்று.

ஆகவே செய்யவேண்டியது எளிது. வீட்டில் எதை ஓதி வளர்ந்தீர்களோ அதில் தினம் ஒரு பக்கம். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், விட்டதைத் தொடர்ந்தால் போதும். கூட்டத்தில் பிரார்த்தனை நடக்கும்போது கைப்பேசியை நோண்டாமல் நில்லுங்கள். இதைக்கூடச் சொல்லவேண்டியிருக்கிறது.

அடுத்தவர் நம்பிக்கையை மதிப்பது நம் மண்ணுக்குப் புதிதில்லை. நாகூர் தர்காவின் 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். லாட்ஜில் இதைச் சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தைப் பார்த்து இடைவேளை விடச் சொல்லுங்கள். புரட்டாசியில் சைவம் மட்டும் என்பவருக்கு அவர் கேட்காமலே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டைக் கவனிக்கும் ஸ்டூவர்டு வேலை புதியவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், இது உங்கள் கையில் இருக்கும் விஷயம்.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ரீமேசன் அமைப்பில் சேரக் கூடாது என்பது திருச்சபையின் நிலைப்பாடு. 1983-ல் வத்திக்கான் அதைத் தெளிவாக அறிவித்தது, 2023-ல் மறுபடியும் உறுதி செய்தது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற குடும்பத்திலிருந்து வரும் ஒருவரிடம் இதை மறைத்துச் சேர்ப்பது நியாயமில்லை. அவர் யோசித்து, வீட்டிலும் பங்குத்தந்தையிடமும் பேசி முடிவெடுக்கட்டும். சேரவில்லை என்றாலும் நட்புக்குக் குறைவில்லை.

ஆங்கிலம் வராது என்று ஒதுங்க வேண்டாம்

ரிச்சுவல், அதாவது சடங்கில் சொல்லும் வாசகம், முழுக்கப் பழைய ஆங்கிலம். ஆங்கில வழியில் படித்தவருக்கே நாக்கு உருளும். நெல் வியாபாரம், உரக்கடை, ரைஸ்மில் என்றிருப்பவர்கள் நான்கு பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து பதவி வேண்டாம் என்பார்கள். அப்புறம் பதவி இல்லாததால் வருவதையும் நிறுத்துவார்கள். மூத்தவர் ஒருவரைப் பிடித்து, ஒவ்வொரு பத்திக்கும் தமிழில் பொருள் கேளுங்கள். பொருள் தெரிந்தால் மனப்பாடம் பாதி முடிந்தது. லாட்ஜ் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற பயிற்சிக் கூட்டம் நடந்தால் தவறாமல் போங்கள், அங்கே தப்பு செய்வதற்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஒரு வரி தடுமாறியதற்காக யாராவது சிரித்தால், சிரித்தவரைத்தான் லாட்ஜ் தலைவரான மாஸ்டர் கண்டிக்க வேண்டும்.

பந்தியில் உட்காரும் இடம்

லாட்ஜுக்குள் ரைஸ்மில் முதலாளியும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் ‘பிரதர்’தான். கூட்டம் முடிந்து இலை போட்டதும் பாருங்கள். மிராசுதார்கள் ஒரு பக்கம், டாக்டர்கள் ஒரு பக்கம், ஒரே தெருக்காரர்கள் ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்துவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆனால் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்குக் கணக்குப் பார்த்த ஊர் இது. ஆகவே புதியவருக்கு நான் கொடுக்கும் வேலை: ஒவ்வொரு கூட்டத்திலும் இதுவரை பேசாத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். வயதில் மூத்தவரை வெளியில் அண்ணன், ஐயா என்று கூப்பிடுவதை விட்டுவிட வேண்டியதில்லை. உள்ளே பிரதர், இலை முன்னால் அண்ணன். இரண்டும் பொருந்தும்.

மதுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விருந்தில் கிளாஸைத் தூக்கி வாழ்த்துச் சொல்லும் டோஸ்ட் என்றால் கிளாஸில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. பன்னீர் சோடாவைத் தூக்கிப் பிடித்தாலும் டோஸ்ட்தான்.

வராதவரைப் போய்ப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். லாட்ஜில் சேவை என்றவுடன் எல்லோரும் முகாம், நோட்டுப் புத்தகம், ஃப்ளெக்ஸ் என்று வெளியே பார்க்கிறார்கள். உறுப்பினர் பட்டியலில் பாதிப் பேர் ஏன் வரவில்லை என்று கேட்க நேரம் இருப்பதில்லை.

தொலைபேசியில் கேட்டால் பதில் ஒன்றுதான்: “அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேன்.” நேரில் போனால்தான் கதை வெளியே வரும். மன்னார்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ரொம்ப நாளாக வரவில்லை. கோபம், யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று லாட்ஜில் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் ஒரு சீப்புப் பழத்தோடு போனார்கள். காபி வந்தது, பேரன் வந்தான், வாசல் தென்னையைப் பற்றிப் பேச்சு நடந்தது. கிளம்பும்போதுதான் சொன்னார்: “படி ஏற முடியலை தம்பி. மேல வந்து மூச்சு வாங்கினா எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க. அதான்.” கோபமும் இல்லை ஒன்றும் இல்லை, 22 படிகள்தான். அதற்கப்புறம் மற்றவர்கள் வருவதற்கு அரை மணி முன்பே அவரைக் கூட்டிவந்து, நடுத் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறவைத்தார்கள்.

நான் பார்த்தவரை வராமல் போவதற்குக் காரணங்கள் நாலைந்துக்குள் அடங்கிவிடும். முட்டி வலி. ராத்திரி திரும்பக் கடைசி பஸ் கிடைக்காது. சந்தா பாக்கி. ஒரு மனஸ்தாபம். இவற்றுக்கு வெளியே உள்ளவர்கள் உண்மையிலேயே ஆர்வம் போனவர்கள், அவர்களை இழுக்க வேண்டாம்.

பஸ்ஸுக்கு வழி எளிது. கார் வைத்திருப்பவர்கள் தடம் பிரித்துக்கொண்டால் போதும். பாபநாசம் வழி போகிறவர் ஒருவர், பட்டுக்கோட்டை வழி ஒருவர், நீடாமங்கலம் வழி ஒருவர். யார் யாரை ஏற்றிக்கொள்வது என்பதைக் கூட்டத்துக்கு முந்தைய நாளே மாஸ்டருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் வார்டன் பேசி முடித்துவிட வேண்டும். கூட்டம் முடிந்து வாசலில் நின்று ‘யார் காரில் இடம் இருக்கு’ என்று கேட்கவைத்தால் அந்த மனிதர் அடுத்த மாதம் வரமாட்டார்.

சந்தா பாக்கி இதைவிட நுட்பமான விஷயம். விளைச்சல் கெட்ட வருடத்தில் விவசாயிக்கும் அவரை நம்பிய கடைக்காரருக்கும் கையில் காசு இருக்காது. பாக்கிப் பட்டியலைக் குழுவில் போடுவது, கூட்டத்தில் பெயர் படிப்பது, இரண்டுமே ஆளை நிரந்தரமாக அனுப்பிவிடும். ட்ரெஷரர் தனியாகப் பேசி, தை அறுவடைக்குப் பிறகு இரண்டு தவணையாக என்று முடிக்கலாம். துணைவிதிப்படி நீண்ட நாள் பாக்கி வைத்தால் உறுப்பினர் உரிமையே போகும் என்பதையும் அப்போதே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

மனஸ்தாபத்துக்குப் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒருவரோடு பகை இருக்கும்போது ஏப்ரன் கட்டிக்கொண்டு லாட்ஜுக்குள் போகக் கூடாது. அவரை வெளியே கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் இரண்டு பேரும் உள்ளே வரவேண்டும். தீராவிட்டால் ஒருவரோ இருவருமோ விலகி நிற்க வேண்டும். நம் ஊரில் இரண்டாவது பாதி மட்டும்தான் நடக்கிறது, இரண்டு பேரும் விலகிவிடுகிறார்கள். நடுவில் உட்கார்ந்து பேசவைக்க ஒரு மூத்தவர் வேண்டும். வரப்புத் தகராறும் பங்குக் கணக்கும் ஒரே நாளில் தீராது. இருவரும் ஒரே பந்தியில் உட்காரும் அளவுக்கு வந்தால் அதுவே போதும்.

கருமாதிக்குப் பிறகு

அல்மோனர் என்ற பொறுப்பு நோயில் இருப்பவர்களையும் இறந்த சகோதரர்களின் குடும்பத்தையும் பார்த்துக்கொள்வதற்காக. ஒருவர் இறந்தால் மாலையோடு எல்லோரும் போவோம். பதினாறாம் நாள் வரை வீட்டில் கூட்டம் இருக்கும். அதற்கப்புறம் அந்த அம்மா தனியாக இருப்பார், கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு. போகவேண்டிய நேரம் அதுதான். நீங்கள் புதியவர் என்றால் அல்மோனரிடம் சொல்லி அவரோடு கிளம்புங்கள், போகும்போது உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிப்போனால் அவர் மனம்விட்டுப் பேசுவார்.

பணத்தைவிட அலைச்சல்தான் அவருக்குச் சுமை. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தாயிற்றா? வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாயிற்றா? குடும்ப ஓய்வூதியம் வரவேண்டியவரா? வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் நாமினி யார்? இந்த நான்கு கேள்விகளோடு போய், எது நிற்கிறதோ அதற்கு மட்டும் ஒருவர் கூடவே தாலுகா அலுவலகத்துக்குப் போய் வந்தால், ஆயிரம் ரூபாய்க் கவரைவிட அது பெரிய உதவி. உதவியை வெளியே பேசக் கூடாது. குழுவில் படம் போடக் கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வெளியே செய்யும் சேவை: ஒன்றை எடுங்கள்

கோவையில் மேசன்கள் நடத்தும் குழந்தைகள் மருத்துவமனையைப் போல ஒன்றை எல்லா ஊரிலும் தொடங்க முடியாது. 25 பேர் உள்ள லாட்ஜ் வருடத்துக்கு ஒரு வேலையை எடுத்து அதை ஒழுங்காகச் செய்தால் போதும். டெல்டாவுக்குப் பொருந்தும் இரண்டைச் சொல்கிறேன்.

ரத்த தானம் ஒன்று. முகாமை லாட்ஜ் தொடங்கிய நாளில் வைக்காதீர்கள், மே மாதத்தில் வையுங்கள். கல்லூரிகள் விடுமுறை, கொடையாளர்கள் குறையும் காலம் அதுதான். முதலில் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் எந்த வாரம், எத்தனை யூனிட் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயது 18 முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள்தான் மயங்கி விழுவார்கள், வாசலிலேயே இட்லி வைத்துவிடுங்கள். முகாமைவிடப் பயன்படுவது, எல்லோருடைய ரத்த வகையும் எண்ணும் எழுதிய பட்டியல். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கோ ஓ நெகட்டிவ் வேண்டும் என்று போன் வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

இரண்டாவது, நெல். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் மழையோடு மோதும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வழக்கமாக எடுக்க மாட்டார்கள். சாலையோரம் கொட்டிவைத்த நெல் ஒரு ராத்திரி நனைந்தால் முளை விட்டுவிடும். அந்த நேரத்தில் அந்த விவசாயிக்கு வேண்டியது தார்ப்பாய். லாட்ஜ் நல்ல கனமான தார்ப்பாய்கள் கொஞ்சம் வாங்கி வைத்து, ஊருக்கு ஒரு பொறுப்பாளர் மூலம் இரவல் கொடுக்கலாம். வாங்குவது சுலபம். திரும்பி வந்ததை வெயிலில் காயவைத்து, மடித்து, எலி கடிக்காத இடத்தில் வைக்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவாகாமல் வாங்காதீர்கள். கொடுக்கும் முன் எந்த அளவு வேண்டும் என்று நாலு விவசாயிகளிடம் கேளுங்கள்.

புயல் வருவதற்கு முன்

2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையில் யாரும் எடுக்காத பழைய துணிகள் குவியலாகக் கிடந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, நிவாரண வண்டிகள் பல மெயின் ரோட்டு ஊர்களிலேயே காலியாகிவிட்டன. உள்ளே இருந்த ஊர்கள் காத்திருந்தன. செப்டம்பர் கூட்டத்திலேயே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள்: யாரிடம் ஜெனரேட்டர், யாரிடம் லாரி, யார் டாக்டர், யாருடைய குடோனில் இடம் இருக்கிறது, உள்ளூர்ச் சாலைகள் தெரிந்தவர் யார். பட்டியலில் லாட்ஜுக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களின் பெயரையும் சேருங்கள். கூட்டத்துக்கு வராதவர்கள் புயல் நாளில் முதல் ஆளாக லாரியோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நண்பரைச் சேர்ப்பதற்கு முன்

புதிய உற்சாகத்தில் மச்சினன், பார்ட்னர், கூடப் படித்தவர் என்று ஆள் சேர்க்கத் தோன்றும். முதல் வருடம் வேண்டாம். நீங்களே ஒரு மழைக்காலத்தையும் ஒரு அறுவடையையும் லாட்ஜோடு கடந்துவிட்டு அப்புறம் யோசியுங்கள். முன்மொழிவதென்றால் அவர் வீட்டுக்குப் போய் மனைவி முன்னிலையில் பேசுங்கள். சந்தா எவ்வளவு, மாதம் எத்தனை மாலை போகும், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பதை மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த அம்மா சரி என்ற பிறகு படிவத்தை எடுங்கள்.